வங்கியாளர் மாளிகையில் ஒரு நெசவாளி பொம்மை

பிரான்சின் லியோன் நகரத்தில், சோன் ஆற்றுக்கும் ஃபூர்வியேர் குன்றுக்கும் இடையில் இருக்கும் குறுகலான நிலத்துண்டுதான் பழைய லியோன். அங்கே பெத்தி கொலேஜ் சதுக்கத்தில் கடாஞ் மாளிகை நிற்கிறது. மறுமலர்ச்சிக் காலத்தில், 1511-க்கும் 1527-க்கும் இடையே எழுந்த கட்டடம். இன்று அதற்குள் இரண்டு அருங்காட்சியகங்கள் இயங்குகின்றன. ஒன்று லியோன் நகர வரலாற்றுக்கு, மற்றொன்று பொம்மலாட்டக் கலைக்கு.

இந்த ஜோடி முதலில் யாருக்கும் கொஞ்சம் விநோதமாகத்தான் படும். நகர வரலாறு என்றால் வரைபடங்கள், ஆவணங்கள், மேயர்களின் ஓவியங்கள். பொம்மலாட்டம் என்றால் சந்தைக் கூட்டமும் பிள்ளைகளின் சிரிப்பும். இரண்டையும் ஏன் ஒரே கூரையின் கீழ் வைத்தார்கள்? இடம் இருந்தது, வைத்துவிட்டார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டு கடந்துபோகிறார்கள். கட்டடத்தின் கதையையும் பொம்மையின் கதையையும் சேர்த்துப் படித்தால் இரண்டும் ஒரே தொழிலின் இரு முனைகள் என்பது தெரியவரும். அந்தத் தொழில் பட்டு. ஒரு முனையில் அதற்குப் பணம் போட்டவர்கள், மறு முனையில் தறியில் உட்கார்ந்தவர்கள். மாளிகை முதல் தரப்புடையது. பொம்மை, அதாவது கிஞோல் என்ற லியோனின் கையுறைப் பொம்மை, இரண்டாம் தரப்புடையது. இந்த வரிசையில் பார்த்தால்தான் கடாஞ் மாளிகைக்குப் போவதில் முழுப் பயன் உண்டு என்பது என் எண்ணம்.

பணத்திலிருந்து தொடங்குவோம். 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசர் 11-ஆம் லூயி, லியோனுக்கு ஆண்டுக்கு நான்கு பெருஞ்சந்தைகள் நடத்திக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தார். ஒவ்வொன்றும் பதினைந்து நாள் நடக்கும், சரக்குக்கு வரிச்சலுகையும் உண்டு. ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகள் சேரும் ஊர், இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போகும் பாதை, அதன் மேல் அரசரின் சலுகை. இத்தாலிய வணிகர்கள் சும்மா இருப்பார்களா? ஃபுளோரன்ஸ், லூக்கா, ஜெனோவா, மிலான் நகரங்களிலிருந்து வந்து கடை விரித்தார்கள். முதலில் மிளகும் பட்டும் விற்றார்கள். அப்புறம் பணத்தையே விற்கத் தொடங்கினார்கள்.

ஒவ்வொரு சந்தை முடிந்ததும் கணக்குத் தீர்க்கும் நாட்கள் வரும். வணிகர்களும் வங்கியாளர்களும் கூடி, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை உண்டியல் சீட்டுகளை (இன்னாருக்கு இவ்வளவு கொடு என்று எழுதிய கடன் சீட்டுகளை) வைத்து ஒன்றோடொன்று கழித்துக்கொள்வார்கள். மிச்சம் மட்டுமே நாணயமாகக் கைமாறும். மூட்டை மூட்டையாகப் பொன்னைச் சுமக்காமல் ஐரோப்பா முழுவதும் வியாபாரம் நடக்க இந்த முறை வழிசெய்தது. பழைய லியோனில் அந்த நாணய மாற்றுத் தொழிலின் பெயரைத் தாங்கிய சதுக்கம் இன்றும் இருக்கிறது. மாளிகையிலிருந்து சில நிமிட நடைதான்.

இந்தக் கூட்டத்தில் வந்தவர்கள்தான் ஃபுளோரன்ஸின் குவாதாஞி குடும்பத்தார். அந்த ஊரில் கோலோச்சிய மெதிச்சி குடும்பத்தோடு அரசியல் பகை, சொந்த ஊரில் இருக்க முடியாத நிலை. லியோனுக்கு வந்து வங்கித் தொழிலில் இறங்கினார்கள். பிரெஞ்சு நாக்கில் குவாதாஞி கடாஞ் ஆனது. அவர்களில் முதலாம் தொமாசோ அரசருக்கே கடன் கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தார். 1525-இல் பவியா போரில் முதலாம் பிரான்சுவா அரசர் சிறைப்பட்டபோது, அவரை மீட்கும் தொகைக்குப் பெரும்பணம் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். அதற்கு ஓராண்டு முன்பு வெராட்சானோ என்ற மாலுமி வட அமெரிக்கக் கடற்கரையை ஒட்டிப் பயணம் செய்து, இன்றைய நியூயார்க் துறைமுக வாயில் வரை போனார். அந்தப் பயணத்துக்கு முதல் போட்ட லியோன்வாழ் ஃபுளோரன்ஸ் வங்கியாளர்களிலும் இவர் உண்டு. “கடாஞ் மாதிரி பணக்காரன்” என்று அந்த ஊரில் ஒரு சொலவடையே பிறந்தது.

மாளிகையைக் கட்டியவர்கள் ஆனால் இவர்கள் இல்லை. பியர்விவ் என்ற இன்னொரு குடும்பத்துச் சகோதரர்கள் கட்டினார்கள். இத்தாலியின் பியெமொந்தே பகுதியிலிருந்து வந்தவர்கள். கடாஞ் குடும்பம் 1545-இல்தான் அதை விலைக்கு வாங்கியது. பெயருக்குக் காரணமான பெரிய பணக்காரர் தொமாசோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். குடும்பத்தின் அடுத்த தலைமுறை இங்கே வாழ்ந்தது, பெயர் நிலைத்துவிட்டது.

சரி, கட்டடத்துக்குள் போவோம். தெருவிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கலாம். குறுக்குச் சட்டம் வைத்த கல் சன்னல்கள், நீண்ட சுவர், அவ்வளவுதான். ஃபுளோரன்ஸில் பார்க்கும் ஆர்ப்பாட்டமான முகப்பை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. லியோனின் செல்வர்கள் தெருவுக்குக் காட்டாததையெல்லாம் முற்றத்துக்குள் வைத்தார்கள். வாயிலைக் கடந்து உள்ளே போனால் அடுக்கடுக்கான கல் நடைமாடங்கள், கிணறு, கோபுரத்துக்குள் சுழன்றேறும் படிக்கட்டு எல்லாம் ஒரே பார்வையில் விரியும்.

அந்தச் சுழல்படியில் கொஞ்சம் நின்று பாருங்கள். நடுத்தூணிலிருந்து விசிறிபோலப் பிரியும் படிக்கற்கள் பழைய கோதிக் கொத்தர்களின் கைவேலை. மாடங்களின் அமைப்பிலோ இத்தாலியப் பாணி எட்டிப் பார்க்கிறது. அந்தக் காலத்துப் பழைய லியோன் வீடுகள் பலவற்றில் இந்தக் கலப்பு உண்டு. வீட்டுக்காரருக்கு இத்தாலிய நினைப்பு, கொத்தனாருக்கு உள்ளூர்ப் பழக்கம். சுத்தமான பாணியைத் தேடும் கட்டடக்கலை ஆர்வலர்கள் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. எனக்கு இந்தக் கலப்புதான் பிடித்திருக்கிறது. ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் எந்த அளவுக்குப் புது ஊரோடு ஒட்டிக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

கட்டடம் குன்றின் சரிவில் ஏறிப் போகிறது. அதனால் மேல்தளத்துக்குப் போனால் மொட்டைமாடிக்குப் பதில் தோட்டம் வருகிறது. கூரைகளுக்கு நடுவே, மதில்களுக்குள் அடங்கிய செடிகொடிகள். கீழே நெரிசலான தெருக்கள் இருப்பதே அங்கே மறந்துபோகும்.

இந்த மாளிகை எப்போதும் இப்படி இருக்கவில்லை என்பதுதான் கதையில் முக்கியமான திருப்பம். கடாஞ் குடும்பத்தின் காலம் முடிந்ததும் கட்டடம் கைமாறிக் கைமாறித் துண்டு துண்டானது. 19-ஆம் நூற்றாண்டில் இது வாடகைக் குடியிருப்பு. வங்கியாளர் விருந்து வைத்த கூடங்களைத் தடுப்புச் சுவர் எழுப்பிச் சிறுசிறு அறைகளாக்கிக் குடித்தனங்களுக்கு விட்டார்கள். சுற்றியிருந்த தெருக்களுக்கும் அதே கதிதான். வசதியுள்ளவர்கள் ஆறு தாண்டிப் புதிய பகுதிகளுக்குக் குடிபோனார்கள், ஏழைகள் இங்கே நெருக்கியடித்தார்கள். லியோன் நகராட்சி 1902-இலிருந்து இந்தக் கட்டடத்தைப் பகுதி பகுதியாக வாங்கத் தொடங்கியது. 1920-இல் அது வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே வரலாற்று அருங்காட்சியகம் தொடங்கியது.

மாளிகை தப்பியது. ஆனால் அதைச் சுற்றியிருந்த பேட்டை தப்பியது பிந்தித்தான். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் பழைய லியோன் என்றால் இருட்டு, அழுக்கு, நோய் என்ற எண்ணமே இருந்தது. மேயர் லூயி பிரதெல் காலத்தில் இந்தப் பேட்டையின் குறுக்கே கார்களுக்கு அகலச் சாலை போடும் திட்டம் வந்தது. குடியிருப்பாளர்களும் பழமை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். அமைச்சர் ஆந்திரே மால்ரோ 1962-இல் கொண்டுவந்த சட்டம் கைகொடுத்தது. தனிக் கட்டடத்தை மட்டும் காக்காமல் ஒரு பகுதியையே காக்க வழிசெய்த சட்டம் அது. அதன்கீழ் 1964-இல் பிரான்சிலேயே முதலில் பாதுகாக்கப்பட்ட பகுதி பழைய லியோன். 1998-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் சேர்ந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் சாரை சாரையாக நடக்கும் அந்தக் கல்தெருக்கள் வழியே கார்கள் பறந்திருக்க வேண்டியது. அந்தப் போராட்டம் நடக்காமல் போயிருந்தால் இந்த மாளிகை சாலையோரத்தில் தனியாக நின்ற ஒரு கல்வீடாக மிஞ்சியிருக்கும்.

இனி பட்டு. கடாஞ் போன்றவர்களின் காலத்தில் லியோன் பட்டை இத்தாலியிலிருந்து வாங்கி விற்றது. இறக்குமதிக்குப் பொன் வெளியே போவது அரசருக்குப் பிடிக்கவில்லை. 1536-இல் முதலாம் பிரான்சுவா, எத்தியேன் துர்க்கே, பார்த்தலேமி நாரிஸ் என்ற இரண்டு பியெமொந்தேக்காரர்களுக்கு லியோனிலேயே பட்டு நெய்யும் உரிமையைக் கொடுத்தார். அங்கே தொடங்கிய நெசவு அடுத்த மூன்று நூற்றாண்டுகளுக்கு ஊரின் சோறாகிப் போனது.

தொழில் நடந்த விதம் தமிழ்நாட்டு நெசவாளர் குடும்பங்களுக்குப் புதிதாக இருக்காது. வணிகர் பட்டு நூலைக் கொடுப்பார், எந்த வேலைப்பாடு என்று சொல்வார். தறி வைத்திருப்பவர் தன் வீட்டிலேயே நெய்து கொடுப்பார், ஒரு முழத்துக்கு இவ்வளவு என்று கூலி. அவருக்குக் கீழே தறி இல்லாத கூலி நெசவாளிகள். மனைவி மக்கள் நூல் சுற்றுவார்கள், அந்த உழைப்புக்குத் தனிக் கணக்கு கிடையாது. லியோனில் இந்தப் பட்டு நெசவாளர்களைக் கானூ என்பார்கள். 1830-களில் வணிகர்கள் சில நூறு பேர், தறி உரிமையாளர்கள் ஏறத்தாழ 8,000, கூலி நெசவாளர்கள் ஏறத்தாழ 30,000.

காஞ்சிபுரத்துத் தறிகளின் மேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டிக்குப் பெயர் கொடுத்தவர் இந்த ஊர்க்காரர்தான். ஜோசப் மாரி ஜக்கார்ட், லியோன் நெசவாளியின் மகன். துளையிட்ட அட்டைகளால் பாவு நூலைத் தூக்கும் கருவியை அவர் 1804 வாக்கில் உருவாக்கியபோது ஊரின் வடிவமே மாறியது. கருவி தறிக்கு மேலே ஏறியதால் உயரமான கூரை தேவைப்பட்டது. பழைய லியோனின் தாழ்ந்த அறைகளில் அது நிற்காது. எதிர்ப்பக்கம் குருவா ரூஸ் குன்றில் நாலு மீட்டர் உயரக் கூரையோடு புதிய வீடுகள் எழுந்தன, தறிகள் அங்கே குடிபெயர்ந்தன. தறி கீழே, படுக்கை மேலே பரணில். அதுவரை கானூக்கள் வாழ்ந்ததும் நெய்ததும் இந்த மாளிகையைச் சுற்றியிருக்கும் சேன் ஜார்ஜ், சேன் ஜான், சேன் போல் பேட்டைகளில்தான்.

அந்தக் கானூ குடும்பம் ஒன்றில் 1769 மார்ச் 3-ஆம் தேதி பிறந்தவர் லோரான் முர்கே. அப்பாவும் அம்மாவும் பட்டு நெசவாளிகள், இவரும் அதே வேலைதான். இருபது வயதில் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. பட்டு வாங்கியவர்கள் அரசவையினரும் பிரபுக்களும். அவர்கள் ஓடியும் ஒளிந்தும் போனபின் யாருக்கு நெய்வது? 1793-இல் லியோன் புரட்சி அரசுக்கு எதிராக எழுந்து, முற்றுகையில் தோற்றது. “லியோன் சுதந்திரத்தின் மீது போர் தொடுத்தது, இனி லியோன் இல்லை” என்று பாரிஸ் ஆணையிட்டது. தறிகள் நின்றன. கட்டின மனைவியும் பிறந்துகொண்டே இருந்த பிள்ளைகளுமாக முர்கே தெருவில் தலைச்சுமை வியாபாரம் பார்த்தார். 1797 வாக்கில் பல் பிடுங்கும் தொழிலுக்கு மாறினார்.

பல் பிடுங்குவது அன்று சந்தையில் பலர் பார்க்க நடந்த வேலை. பிடுங்குவதற்குக் காசு வாங்குவதில்லை, வலிக்கு விற்ற மருந்தில்தான் வருமானம். அதனால் முதலில் கூட்டம் சேர வேண்டும், பல்வலிக்காரனின் பயமும் போக வேண்டும். முர்கே தன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மறைப்புக் கட்டிக் கையுறைப் பொம்மை ஆட்டினார். இத்தாலியிலிருந்து வந்து பிரெஞ்சுச் சந்தைகளில் ஊறிப்போன கூனன் பொலிஷினெல் முதல் நாயகன். கூட்டம் பல்லுக்கு வந்ததைவிடப் பொம்மைக்கு அதிகம் வந்தது. 1804-இல் இடுக்கியை வைத்துவிட்டு முழுநேரப் பொம்மலாட்டக்காரர் ஆனார்.

அவருக்குத் துணையாக லத்ரே என்ற சந்தைக் கோமாளி சேர்ந்தார். ஊர் அவரை தொமா அப்பா என்று கூப்பிட்டது. பிடில் வாசிப்பார், வாய்ச்சொல்லில் மன்னர், போஜோலே மதுவில் இன்னும் பெரிய மன்னர். பல நாள் ஆட்டத்துக்கு வர முடியாத நிலையில் கிடப்பார். அவருடைய குணத்தையே ஒரு பொம்மையாக்கினார் முர்கே: செருப்புத் தைக்கும் ஞாஃப்ரோன். சிவந்த மூக்கு, நசுங்கிய தொப்பி, முன்னால் கட்டிய தோல் மேல்துணி, கனத்த குரல். மனிதர் வராவிட்டாலும் இனி பொம்மை வரும். அதற்குப் பிறகு 1808 வாக்கில் பிறந்தான் கிஞோல்.

பொலிஷினெலுக்கு ஊர் கிடையாது. கிஞோலுக்கு உண்டு. அவன் கானூ, லியோன்காரன். பேச்சு அந்தப் பேட்டையின் பேச்சு. பட்டு ஓடினால் நெய்வான், ஓடாவிட்டால் எடுபிடி வேலை எதையும் செய்வான், பெரும்பாலும் வேலை இல்லாமல் இருப்பான். மனைவி மாத்லோன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லிச் சண்டைபிடிப்பாள். நண்பன் ஞாஃப்ரோன் குடிக்கக் கூப்பிடுவான். எதிரே வருபவர்கள் வீட்டுக்காரர், கடன்காரர், அமீனா, நீதிபதி, போலீஸ்காரர் ஃப்லாஜோலே. கிஞோல் முதலில் பேச்சில் மடக்குவான். அது பலிக்காவிட்டால் கையில் இருக்கும் தடி பேசும்.

மாளிகையின் பொம்மலாட்டப் பகுதியில் மிகவும் நேரம் கொடுக்க வேண்டிய இடம் முர்கேவின் கைவேலை என்று கருதப்படும் கிஞோல், ஞாஃப்ரோன், மாத்லோன் பொம்மைகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டி. பெரிய அலங்காரம் ஒன்றும் கிடையாது. கிஞோலுக்குச் செதுக்கிய மரத்தலை, அகலத் திறந்த கண்கள், சப்பையான சிறு மூக்கு, கன்னத்தில் குழி, உதட்டில் அரைச் சிரிப்பு. முர்கே தன் முகத்தையே பார்த்துச் செதுக்கினார் என்று சொல்வார்கள். தலையில் காது மடல்களோடு கருப்புத் தோல் தொப்பி, பின்னால் பின்னித் தொங்கும் சின்னச் சடை, பழுப்புச் சட்டையில் பொன்னிறப் பொத்தான்கள். கால் கிடையாது. சட்டைக்குக் கீழே ஆட்டக்காரரின் முழங்கைதான் உடம்பு.

வாய் திறந்து மூடாது என்பதைக் கவனியுங்கள். கண்ணும் அசையாது. சுட்டுவிரல் கழுத்துக்குள், கட்டைவிரல் ஒரு கைக்குள், வேறொரு விரல் மறு கைக்குள். அவ்வளவே கருவி. மூன்று அசைவுகளை வைத்துக்கொண்டு கோபம், பயம், கள்ளத்தனம், பசி எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் சந்தேகம், மறைப்பின் விளிம்பில் இரு கையையும் ஊன்றி முன்னால் குனிந்தால் பார்ப்பவரிடம் ரகசியம். மாறாத அந்த அரைச் சிரிப்பை ஒவ்வொரு நிலையிலும் வேறுவேறாகப் படிக்க வைப்பதுதான் ஆட்டக்காரரின் திறமை. செதுக்கும்போதே அதற்கு இடம் விட்டிருக்கிறார் முர்கே. சிரிப்பு ஓர் அங்குலம் கூடியிருந்தால் கிஞோலால் அழ முடியாது.

கிஞோல் நாடகங்களில் பெயர்பெற்றது வீடு மாற்றும் கதை. பல தவணை வாடகை பாக்கி. வீட்டுக்காரர் கனேசூ வாசலில் வந்து நிற்கிறார். கிஞோல் சாக்கு மேல் சாக்காகச் சொல்லி நாளைக் கடத்துகிறான். பிறகு ஞாஃப்ரோனைக் கூட்டிக்கொண்டு, சாமான்களை அவருக்குத் தெரியாமல் வெளியேற்றப் பார்க்கிறான். தட்டுமுட்டுச் சாமான் ஒவ்வொன்றாக மேடையைக் கடக்கும்போது அரங்கம் சிரிப்பில் அதிரும். பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அன்றைய வாடகையே பாக்கி. மாளிகைகள் அறை அறையாக வாடகைக்குப் போயிருந்த பேட்டையில் ஆடிய நாடகம் இது. அதே கடாஞ் மாளிகையின் கூடத்தில் நின்று கிஞோலைப் பார்க்கும்போது, வரலாற்று அருங்காட்சியகத்தின் வரைபடங்களும் எண்களும் சொல்லாத ஒன்று விளங்கிவிடுகிறது: இந்த வீடுகளில் குடியிருப்பது என்றால் என்ன என்பது.

கானூக்கள் சிரித்ததோடு நிற்கவில்லை. 1831-இல் குறைந்தபட்சக் கூலி நிர்ணயம் கேட்டார்கள். மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஒப்பந்தமும் ஆனது. வணிகர்களில் ஒரு பகுதியினர் மறுத்தார்கள். நவம்பரில் குருவா ரூஸிலிருந்து இறங்கிய நெசவாளர்கள் சில நாட்கள் ஊரையே கையில் வைத்திருந்தார்கள். “உழைத்து வாழ்வோம், இல்லையேல் போரிட்டுச் சாவோம்” என்று அவர்கள் கருப்புக் கொடியில் எழுதியிருந்தது. படை வந்தது, ஒப்பந்தம் செல்லாமல் போனது. 1834-இல் மீண்டும் எழுந்தார்கள், இன்னும் கடுமையாக ஒடுக்கப்பட்டார்கள். கிஞோலின் தடியடிதான் கலகத்துக்கு வழிவகுத்தது என்று சொன்னால் மிகை. ஆனால் மேடையில் அடிவாங்கியவர்களும் தெருவில் எதிர்க்கப்பட்டவர்களும் ஒரே ஆட்கள்.

இங்கேதான் பொம்மை அருங்காட்சியகத்தின் பெரிய சிக்கல் தலைதூக்குகிறது. முர்கே எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றே சொல்லப்படுகிறது. அவர் நாடகம் எழுதி வைத்து ஆடவில்லை. கதையின் எலும்புக்கூடு மட்டும் மனதில் இருக்கும், சதை அன்றைய ஊர்ப்பேச்சு. காலையில் நடந்தது மாலை ஆட்டத்தில் வரும். அவர் 1844-இல் வியேன் என்ற ஊரில் இறந்தபோது அந்த வார்த்தைகளும் போய்விட்டன. மரத்தலை இருக்கிறது, சட்டை இருக்கிறது. குரல்?

குரல் ஓரளவு மிஞ்சியதற்குக் காரணம், அதை அடக்க நினைத்த அரசு. மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், 1852-இலிருந்து, பொம்மலாட்டக்காரர்களும் தங்கள் வசனத்தை முன்கூட்டியே எழுதித் தணிக்கைக்குக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்றானது. அன்றைய செய்தியை அன்றே கிண்டலடிக்கும் வழக்கத்துக்கு அது பேரிடி. அதே சமயம், அதுவரை காற்றில் கரைந்த வசனங்கள் முதன்முறையாகத் தாளில் ஏறின. அடுத்து ஒரு நீதிபதி வந்தார். லியோன் நீதிமன்றத்தைச் சேர்ந்த ழான் பத்தீஸ்த் ஒனோஃப்ரியோ, ஆட்டக்காரர்களிடமிருந்து நாடகங்களைச் சேகரித்துத் தன் பெயரைப் போடாமல் 1865-இல் ஒரு தொகுதியும் 1870-இல் இன்னொன்றும் வெளியிட்டார். குடும்பத்தார் கூடிப் படிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று கொச்சையையும் காரத்தையும் குறைத்தே போட்டார்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இன்றைய கிஞோலைப் பார்க்க வேண்டும். பூங்காவில் பிள்ளைகள் “பின்னால பாரு, பின்னால பாரு!” என்று கத்தும் அந்தக் குறும்புக்காரன், தணிக்கையும் நல்லெண்ணமும் சேர்ந்து இளக்கிய கிஞோல். பெரியவர்கள் புகைமூட்டமான காபிக்கடையில் உட்கார்ந்து பார்த்த ஆட்டம், பாரிஸ் போய், பள்ளி விடுமுறைப் பொழுதுபோக்காகச் சுருங்கியது. அதில் தவறு ஒன்றும் இல்லை, குழந்தைகளின் சிரிப்பும் உண்மையான சிரிப்புதான். ஆனாலும் முர்கேவின் பொம்மைக்கு அந்த ஒரு வேலைதான் தெரியும் என்று நினைத்துவிட்டால் அவருக்கு நாம் செய்யும் அநியாயம் பெரிது. மாளிகையின் காட்சிப் பலகைகள் இந்த மாற்றத்தை மறைக்காமல் சொல்கின்றன என்பது எனக்கு மதிப்புக்குரிய விஷயம்.

பொம்மைத் தொகுப்பு கிஞோலோடு முடிவதில்லை. நகராட்சி லெயோபோல்த் தோர் என்பவரின் தொகுப்பை வாங்கி, 1950-இல் இங்கே பன்னாட்டுப் பொம்மலாட்ட அருங்காட்சியகத்தைத் தொடங்கியது. நூலில் ஆடுபவை, கோலில் ஆடுபவை, திரைக்குப் பின்னால் நிழலாக ஆடுபவை என்று பல நாட்டுப் பொம்மைகள் சேர்ந்தன. ஜாவாவின் வாயாங் பொம்மைகள் அவற்றில் தெரிந்த பெயர். உலகச் சுற்றுலாவாக இந்தப் பகுதி அழகுதான். இருந்தாலும் என் மனம் முதல் பெட்டியின் மூன்று பொம்மைகளைவிட்டு அதிகம் நகரவில்லை. வேறு நாட்டுப் பொம்மைகளுக்கு இங்கே கண்ணாடிப் பெட்டி மட்டும் கிடைத்திருக்கிறது. கிஞோலுக்குச் சுற்றிலும் அவனுடைய ஊரே இருக்கிறது.

மாளிகை பத்தாண்டு நீண்ட புதுப்பிப்புக்குப் பிறகு 2009 ஜூனில் மீண்டும் திறந்தது. பொம்மைக் காட்சிகள் 2018-இல் புதிதாக அமைக்கப்பட்டன. அதற்கடுத்த ஆண்டுகளில் வரலாற்றுப் பகுதியும் கட்டம் கட்டமாக மாறியது. ஆண்டு வரிசையில் அரசர்களை அடுக்கும் பழைய முறையை விட்டு, ஆறுகள், தொழில், வாழ்வு என்று பொருள் வாரியாக ஊரைச் சொல்லப் பார்க்கிறார்கள். பட்டையும் கானூ எழுச்சியையும் புரிந்துகொள்ள வருபவருக்கு இது வசதி.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. மெத்ரோ டி தடத்தில் வியே லியோன் நிலையத்தில் இறங்கி, சேன் ஜான் தெரு வழியே நடந்தே போங்கள். வழியில் திராபூல் எனப்படும் சந்துகள் ஒன்றிரண்டில் நுழைந்து பாருங்கள். ஒரு தெருவில் கதவைத் தள்ளி உள்ளே போனால் வீடுகளின் முற்றங்களைக் கடந்து அடுத்த தெருவில் வெளியே வரலாம். மக்கள் குடியிருக்கும் வீடுகள், ஆகவே குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். இதைப் பார்த்துவிட்டுப் போனால் கடாஞ் மாளிகையின் முற்றம் எவ்வளவு பெரிய வசதி என்பது உடனே உறைக்கும். உள்ளே வரலாற்றுப் பகுதியை முதலில் பாருங்கள், பொம்மைகளைப் பிறகு. பலர் பிள்ளைகளுக்காக நேரே பொம்மைகளுக்குப் போய்விட்டு, களைத்தபின் வரலாற்றை ஓடி முடிக்கிறார்கள். வீட்டுக்காரர் யார், அமீனா ஏன் வருகிறான் என்று தெரிந்தபின் கிஞோலைச் சந்திப்பது வேறு அனுபவம்.

முடிந்தால் அன்றே ஓர் ஆட்டமும் பாருங்கள். மாளிகைக்குள்ளேயே சின்ன அரங்கு உண்டு, பேட்டையிலும் கிஞோல் ஆடும் அரங்கு இருக்கிறது. பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பாதகமில்லை. வீட்டுக்காரர் கையை நீட்டுவதும், கிஞோல் தலையைச் சாய்ப்பதும், ஞாஃப்ரோன் புட்டியைத் தேடுவதும், தடி எழும்புவதும் எல்லோருக்கும் புரியும்.